தேன் விக்கிற ஆள்

“எங்களைக் கரைச்சுக் குடிச்சிட்டு, இப்ப எல்லாரும் ஒண்டுதான் எண்டா, அந்த ஒண்டு ஆரு?”

மங்கையற்கரசி டீச்சர் இப்படிக் கேட்டு முடித்ததும் மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது.

வந்தாறுமூலையில் அன்று கருத்தரங்கு. ஒரு நாட்டுக்கு ஓர் அடையாளமா, பலவா என்பது பொருள். கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் மென்மையாகத்தான் பேசியிருந்தார். எல்லாரும் முதலில் இலங்கையர், வீட்டுப் பழக்கத்தை வீட்டோடு வைத்துக்கொண்டால் சண்டை எதற்கு என்றார். டீச்சர் விடவில்லை. சிங்களத்தில் பாதி, தமிழில் பாதியாக மனிசனைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் மைக்கை வைத்தாள்.

மேடையை விட்டு இறங்கும்போது கடைசிக் கதிரையடியில் நின்றவனைக் கண்டாள்.

கதிராமன். அவள் கூடப்பிறந்த தம்பி. மாங்கேணிக்கு அங்கால், கடலுக்கும் காட்டுக்கும் நடுவிலிருக்கும் வேடர் குடியிருப்பிலிருந்து வந்திருக்கிறான். வெளிறிய சாரம், பழைய சட்டை, தோளில் துவாய், கையில் ஒரு சாராயப் போத்தல் நிறையத் தேன்.

பள்ளிக்கூடத்தில் ‘வேடச்சி’ என்று கூப்பிடுவார்களே என்று பயந்து பயந்தே படித்தவள் அவள். ஆசிரியர் கலாசாலை முடித்து, களுவாஞ்சிக்குடியில் கலியாணம் பேசி வந்தபோது, சுனாமியில் எல்லாரும் போய்விட்டார்கள் என்று ஒரே வசனத்தில் பிறந்த வீட்டை மூடிவிட்டாள். மாமியும் புருஷனும் பிள்ளைகளும் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்கள். வருஷத்தில் ஒருக்கா, பயிற்சி வகுப்பு என்று சொல்லி, பஸ் மாறிப் போய், பொழுதுபட அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். இந்த வருஷம் அதுவும் இல்லை. அம்மா படுக்கை என்று தம்பி நாலு தரம் போன் எடுத்தான். கருத்தரங்கு முடியட்டும் என்று நாலு தரமும் சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் சிவதர்ஷன் சேர் நின்றார். அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். மாமி வீட்டு வேலிக்கு அடுத்த வேலி அவருடையது.

“ஆரு டீச்சர் அது? உங்களையே பார்த்துக்கொண்டு நிக்கிறான்.”

யோசிக்க முதல் வாய் முந்திக்கொண்டது.

“தேன் விக்கிற ஆள், சேர். முந்தி ஒருக்கா வாங்கினனான்.”

கிட்ட வந்துவிட்ட கதிராமனுக்கு அது கேட்டது. கையிலிருந்த போத்தலை ஒருதரம் பார்த்தான். பிறகு துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஓம் சேர். நல்ல தேன். சீனிப்பாணி கலக்கல்ல,” என்றான்.

சேர் விலை கேட்டார். மீன்பிடிக்கத் தோணியில் போகிறவனுக்குத் தேன் விலை என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னான். கடை விலையில் பாதிகூட வராது. சேர் அதிலும் குறைத்துக் கேட்டார். அவன் தலையாட்டினான். அக்காவுக்கென்று கொண்டுவந்தது சேரின் பைக்குள் போயிற்று.

மலிவாக வாங்கிய சந்தோஷத்தில் சேர் ஊரும் விசாரித்தார். இடத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“வேடர் ஆக்களா? பார்த்தீங்களா டீச்சர், இப்ப இவங்களும் சட்டை போட்டு, எங்கட கோயிலுக்கு வந்து, பிள்ளைகளுக்கு எங்கட பேர் வைச்சு... இன்னும் பத்து வருஷத்தில எங்கட ஆக்களோட ஆக்களாகிருவாங்க. வித்தியாசமே தெரியா. நல்ல விஷயம்தானே?”

சற்றுமுன் முதல் ஆளாக எழும்பி நின்று கைதட்டியவர் இவர்தான்.

கதிராமன் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

“ஓம் சேர்,” என்றாள் அவள்.

சேர் ஊருக்குப் போகிற வானைக் கூப்பிடப் போனார். அவர் தலை மறைந்ததும் தம்பியை மண்டபத்துக்குப் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“உனக்கென்ன விசரா? இவ்வளவு ஆக்களுக்கு நடுவில வந்து நிக்கிறாய்?”

“வெளியிலதான் நிண்டன், அக்கா. உன்ர சத்தம் கேட்டிச்சு. நல்லாப் பேசினாய். கேப்பமெண்டு உள்ளுக்கு வந்திட்டன்.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் உண்மையாகவே சொன்னான். அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“அம்மா என்னைக் கேக்கிறாவா? வாற ஞாயிற்றுக்கிழமை வாறன். சத்தியமா வாறன். பொழுதுபட வந்து, இருட்டோட திரும்பிருவன். அம்மாட்டச் சொல்லு, என்ன?”

கதிராமன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். துவாயால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அம்மா செவ்வாய்க்கிழமை போயிற்றா, அக்கா.”

அன்று சனிக்கிழமை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. நாலு நாளாக ஒரு போன் எடுக்க உனக்குக் கை வரவில்லையா, முகத்தைப் பார்க்கக்கூட ஏலாத அளவுக்கு நான் பிறத்தியாள் ஆகிவிட்டேனா, ஒரு பிடி மண் போட எனக்கு உரிமை இல்லையா என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். உலுக்க விட்டு நின்றான்.

“கடைசி நேரத்தில எடுக்கத்தான் போனன். அம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடல்ல, அக்கா. ‘புள்ளைக்கு இப்பச் சொல்லாத மனே. சொன்னா, அழுதுகொண்டு பகலிலயே ஓடி வந்திருவாள். ஆக்கள் கண்டிருவாங்க. என்னைத் தாட்டு, பந்தலையும் பிரிச்சுப்போட்டுப் போய்ச் சொல்லு’ எண்டா.”