வேற கண்டம்

"இவன் நம்ம கண்டமே கிடையாது மேடம்!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் சலவை மெஷின்களின் சத்தமே கேட்கவில்லை. ஆளைப் பார்த்தாலே சிடுமூஞ்சி. அங்கே அவருக்குப் பேரும் அதுதான்.

தேய்க்கிற அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் தேய்த்துத் தேய்த்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த அசதியிலும் கோபம் வந்தது.

பின்னே? கூட வேலை பார்க்கும் தீவுக்காரனுக்கு அப்பா செத்துப்போன சேதி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஈரத்துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். விமானம், கப்பல், படகு என்று மாறி மாறிப் போனால்தான் அவன் ஊர். அங்கே அம்மா தனியாக இருக்கிறாள். அவன் கேட்பது லீவு. இந்த ஆள் நடத்துவது பூகோளம்!

மேனேஜர் மேடம்தான் இரக்கப்பட்டு அவன் தோளைத் தட்டினார். "அப்படிச் சொல்லாதீங்க சார். தீவா இருந்தா என்ன, நமக்குப் பக்கம்தானே? மேப்லகூட ஒரே கலர்தான்."

"பெயிண்ட் மிஞ்சியிருக்கும், அடிச்சிருப்பான்."

"நாம எல்லாரும் ஒரே குடும்பம் சார்."

"நடுவுல அவ்வளவு கடல் கிடக்கு, என்ன குடும்பம்? லீவு பாரத்துல வேற கண்டம்னே எழுதுங்க. இல்லேன்னா நான் மேல போய்ப் பேசுவேன்."

மேடம் முகம் சுருங்கிவிட்டது. "உங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. அப்படியே எழுதித் தொலைக்கிறேன்" என்று போய்விட்டார்.

தீவுக்காரன் குனிந்த தலை நிமிராமல் பையை எடுக்கப் போனான்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை ணங்கென்று வைத்தாள்.

"நீங்கல்லாம் மனுஷனா சார்? அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவனைப் போய் நம்மாளே இல்லேங்கிறீங்க. மேடத்துக்கு இருக்கிற ஈரத்துல ஒரு சொட்டாவது இருக்கா உங்களுக்கு?"

சூப்பர்வைசர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"கத்தி முடிச்சிட்டியாம்மா? நம்ம கண்டத்துக்குள்ள சாவுன்னா கம்பெனியில மூணு நாள்தான் லீவு. வேற கண்டம்னா பதினஞ்சு. அவங்க பாசமா மூணு நாள் குடுக்க வந்தாங்க. நான் திட்டிப் பதினஞ்சு வாங்கினேன்."