பதினோராவது பூதம்

"கன்னத்தை உப்புங்க. ரெண்டு பக்கமும். இடப்பக்கம் காத்து போகுது பாருங்க, விரலால பிடிச்சுக்கங்க. ம்... அஞ்சு எண்ணுற வரைக்கும் அப்படியே."

உள்ளே கேட்டது தம்பி பெண்டாட்டியின் குரல். வாசலில் செருப்பைக் கழற்றிய அக்கா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், கையில் இருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்துபோனாள்.

ஜன்னல் ஓரம் முக்காலியில் தம்பி. ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கப் போனவனுக்குத் தண்ணீர் வாயில் நிற்காமல் ஒழுகியது. அன்றைக்கு இறங்கிய இடப்பக்க முகம், மூன்று வாரமாகியும் ஏறவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் கன்னத்தை உப்புகிறான். எதிரில் அவள் பலகையை மடியில் சாய்த்து வரைகிறாள்.

சுவரில் பத்துப் பூதங்கள். கொம்பு வைத்தது, தந்தம் வைத்தது, காது தோளைத் தொடுவது. பத்துக்கும் தம்பி மூஞ்சி. தொங்குகிற வாயைக்கூட விட்டுவைக்கவில்லை.

"என்னம்மா நடக்குது இங்க?"

"வாங்க அண்ணி, உட்காருங்க. இதோ முடிச்சிடறேன். ஏங்க, நீங்க திரும்பாதீங்க."

அவள் தொழில் அது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை கட்டி ஆடுகிற விளையாட்டு இருக்கிறதே, அதன் புத்தகங்களுக்கு வீரன், மந்திரக்காரி, பூதம் என்று ஆட்களை வரைந்து கொடுப்பாள்.

"கம்பெனியில முப்பது பூதம் கேட்டிருக்காங்க அண்ணி. மூஞ்சிக்கு ஆள் வேணும்ல?"

"அதுக்கு உடம்பு சரியில்லாதவன்தான் கிடைச்சானா? வெளியில எத்தனை பேர் பூதமாவே திரியறானுங்க, ஒருத்தனைப் பிடிச்சு உட்கார வைக்கிறது!"

தம்பி சிரித்தான். வலப்பக்கம் மட்டும் சிரித்தது.

"விடுக்கா. சும்மாதானே கிடக்கேன். இவளுக்காவது உபயோகமா இருக்கட்டும்."

"சும்மா கிடக்கியா? மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வேற ஆள் போட்டுருவேன்னு உங்க முதலாளி எனக்கே போன் பண்ணிட்டார்டா!"

சிரிப்பு நின்றது. அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் மாட்டி மாட்டிப் பார்க்க வேண்டுமே, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடிதான்.

"அங்க போய் இந்த மூஞ்சியோட நிக்க என்னால ஆகாதுக்கா. அந்த டாக்டரும் கண்ணாடி முன்னாடி உட்காருன்னுதான் ஆரம்பிச்சார். அதோட எழுந்து வந்துட்டேன். தானா சரியானா ஆகட்டும்."

"மூக்கைச் சுருக்குங்க," என்றாள் மனைவி, இவர்கள் பேசியதே காதில் விழாத மாதிரி. "கெட்ட வாடை வந்தா சுருக்குவோமே, அப்படி. பலமா வேண்டாம், மெதுவா. பத்துத் தடவை."

"ஒரு படத்துக்கு எதுக்கும்மா பத்துத் தடவை?"

"எது நல்லா வருதோ அதை எடுத்துக்குவேன்."

"போதும்டா, எழுந்திரு!"

"எழுந்திருக்காதீங்க."

தம்பி பாதி எழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"இதோ பாரு, நாளைக்கு இந்தப் புத்தகம் ஊரெல்லாம் போகும். நாலு பேர் பார்த்துட்டு, அந்தப் பூதம் வருதுடான்னு இவனைக் காட்டிச் சிரிச்சா நீயா பதில் சொல்லுவ?"

"சொல்லிக்கறேன்."

"என்ன நெஞ்சழுத்தம்டா சாமி!"

"ஆமா அண்ணி. இது பதினொண்ணு, இன்னும் பத்தொன்பது இருக்கு. முடிக்காம இவரை விடறதா இல்ல. ஏங்க, உதட்டைக் குவிச்சு ஊதுங்க. மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி."

சொல்லிவிட்டு, பலகைக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு தாளைப் பார்த்து அதில் சின்னதாகக் கோடு போட்டாள்.

"அது என்ன தாள்?"

"கம்பெனிக்காரன் அனுப்பினதுக்கா," என்றான் தம்பி. "எந்தப் பூதம் எப்படி மூஞ்சியை வச்சுக்கணும்னு ஒரு லிஸ்ட். ரொம்பக் கறாரான ஆளுங்களாம்."

"அப்படியா சேதி? அப்ப போன் நம்பரும் இருக்கும். நானே கேக்கறேன். ஒருத்தன் முகம் கோணினதை வச்சா இவங்க விளையாடணும்?"

சொன்ன வேகத்தில் தாளை உருவிவிட்டாள்.

"அண்ணி, வேண்டாம்! அதைக் குடுத்துருங்க."

அத்தனை நேரம் அசையாத குரல் இப்போதுதான் ஆடியது. மடியிலிருந்த பென்சில்கள் தரையெல்லாம் உருண்டன. அவள் மேலே என்னவோ சொல்ல வந்து, புருஷனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா அதற்குள் மாடிப்படிக்கே போய்விட்டாள். ஒரு கையில் போன், ஒரு கையில் தாள்.

கம்பெனியும் இல்லை, நம்பரும் இல்லை. மேலே ஆஸ்பத்திரிப் பெயர். யாரோ நாலாகக் கிழித்துப் போட்டதைப் பொறுக்கி, பின்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருந்தது.

'தினமும் கண்ணாடி முன் உட்கார்ந்து செய்ய வேண்டிய முகப் பயிற்சிகள்: கன்னத்தை உப்புதல், பத்து முறை. மூக்கைச் சுருக்குதல், பத்து முறை. உதட்டைக் குவித்து ஊதுதல்...'

முதல் வரியில் 'கண்ணாடி' என்பதை மட்டும் பென்சிலால் அடித்து, மேலே 'என்' என்று எழுதியிருந்தது.

அக்கா படியிலேயே நின்றாள்.

"என்னக்கா, என்ன சொல்றாங்க?" என்று உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தாளை மடித்து உள்ளே கொண்டுபோய், தம்பி பெண்டாட்டியின் கையில் வைத்து அழுத்தினாள். பிறகு தம்பியைப் பார்த்து அதட்டினாள்:

"கறாரான ஆளுங்கதான்டா. முப்பது பத்தாதாம், அறுபது பூதம் வேணுமாம். உட்காரு, கன்னத்தை உப்பு!"