எருமைக்கு வந்த காய்ச்சல்

எருமை சளிக்காய்ச்சல் கண்டு, எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. விசாரிக்க வந்த கொக்கு, "துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் குடிங்க அக்கா. எங்க வம்சத்துல யாரும் தும்மினதே இல்லை" என்றது.

வேலியிலிருந்த ஓணான் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தது. "கஷாயம் எந்தக் காலத்து வைத்தியம்? நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சா ஒரே நாள்ல போயிடும்."

"எது போயிடும், காய்ச்சலா, அக்காவா?" என்றது கொக்கு.

மூன்று நாள் இரண்டும் எருமையின் தலைமாட்டில் வாதாடின. ஒரு இலையைக்கூட யாரும் பறித்து வரவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று எருமை முனகியது.

"வெந்நீரா? அதுல என்ன மருத்துவ குணம் இருக்கு?" என்று இரண்டும் முதல்முறையாக ஒத்துப்போயின.

நான்காம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. எருமை எழுந்து புல் மேயப் போனது.

"என் கஷாயம்" என்றது கொக்கு.

"என் ஆவி" என்றது ஓணான்.

அடுத்த நாள் பக்கத்துப் புதரில் முயல் தும்மியது. எருமையைப் பிழைக்க வைத்த வைத்தியர்கள் இருவரும் உடனே போய் நின்றார்கள். முயல் ஒழுகும் மூக்கை அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "உங்களைப் பார்த்ததுமே குணமாயிடுச்சுங்க" என்றது.