தாயம்மா போட்ட பூட்டு

"எம் மருமக திருடறதுக்குப் படிச்சிக்கினு கீறா. தெரியுமா டெய்சி?"

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீட்டுக் குழாயடியில் தாயம்மா குரலைக் குறைக்கவே இல்லை. பக்கத்து வீட்டு டெய்சிக்குச் சொன்னது, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இன்னாக்கா சொல்ற?"

"ஹேக்கிங்காம். அடுத்தவன் போனைத் தொறக்கற படிப்பு. அதுல திமிரு வேற. நான் போனைக் கையில எடுத்தா போதும், விருட்டுன்னு எழுந்து வெளிய போயிடறா. மதிச்சாத்தானே?"

உள்ளே பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேத்ராவுக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகி வந்த நாளாய்க் கேட்கிற பாட்டு. குழம்புல உப்பு இல்லை, கோலம் கோணல், ஒண்ணுத்துக்கும் ஆகாதவ. இப்போது திருடி.

ஆனால் இன்றைக்குச் சிரித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பெங்களூர் கம்பெனி ஒன்று அவளைப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "எனக்குச் சரி. பாப்பாவை அம்மா பாத்துக்கணுமே" என்று சொல்லிவிட்டு, புருஷன் சுனில் வேலைக்கு ரயிலேறிவிட்டான்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"திருட்டு இல்ல அத்தே. வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டு அவங்க பூட்டை ஆட்டிப் பாக்கறது. எங்க லொடலொடன்னு கீதோ, அதை அவங்களுக்கே சொல்றது. கேக்காம தொட்டாத்தான் திருட்டு."

"எது வரைக்கும் கிழிச்சிருக்க?"

"இப்பதான் ஆரம்பம். லெவல் லெவலா போவணும்."

"உம் மாமனாருந்தான் சுரங்கத்துல லெவல் லெவலா எறங்கினாரு. கடைசில இருமலைத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தாரு."

டெய்சி வாயைப் பொத்திக்கொண்டாள். "அனுப்பித்தான் பாரேன்க்கா. கரண்ட் கட்டாவப் போவுதுன்னு பொய் மெசேஜ் வந்துச்சே, நீ அதைத் தொடறதுக்குள்ள கையைப் பிடிச்சவ இவதானே?"

தாயம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள்.

அந்த மெசேஜ் வந்த அன்றைக்குத்தான், ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்றிருந்த பாஸ்வேர்டையும் நேத்ரா மாற்ற வைத்தாள். "பேரு, பொறந்த நாளெல்லாம் வேணாம் அத்தே. இங்கிலீஷ் எழுத்துல தமிழைத் தட்டுங்க. நீளமா, உங்களைத் தெரிஞ்சவங்க யாருக்குமே தோணாததா வைங்க. எங்கிட்டகூடச் சொல்லாதீங்க."

இப்போது தாயம்மா இடுப்பிலிருந்து அதே போனை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. நானே தர்றேன், திருட்டு ஆவாது. இதைத் தொறந்து காட்டு. தொறந்தா நீ பெங்களூர் போ, பாப்பாவை நான் பாத்துக்கறேன்."

"தொறக்க முடியலைன்னா?"

"வாயை மூடிக்கினு சோறாக்கு."

நேத்ரா பாப்பாவை டெய்சியிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். சுனில் பேர். இல்லை. மாமனாரின் சுரங்க வேலை டோக்கன் நம்பர். இல்லை. மாரியம்மன். இல்லை. பாப்பாவைக் கொஞ்சுகிற செல்லப் பேர் எல்லாம் போட்டாள். போன் 'கொஞ்ச நேரம் கழித்து வா' என்றது.

போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

"முடியலை அத்தே. பூட்டு நல்லாத்தான் கீது."

டெய்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இவங்க ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கினேதானே தட்டுவாங்க. ஒரே வீட்டுல கீற, ஒரு நாளும் உன் காதுல விழலையா?"

"விழக் கூடாதுன்னுதான் ஆன்ட்டி எழுந்து போயிடுவேன். அவங்களைக் கேக்காம அதைக் கேட்டா, அதுவும் திருட்டுதானே."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. தாயம்மா குழாயை மூடவில்லை. மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டெய்சியிடமிருந்து பாப்பாவை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னிக்குப் போவணும்?"

"தோத்துட்டேனே அத்தே."

"ஒட்டுக்கேட்டுத் தொறந்திருந்தாதாண்டி திருடி. சுனிலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லணும், இரு."

தாயம்மா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். நேத்ரா பழக்கதோஷத்தில் சட்டென்று நகர்ந்தாள்.

"எங்க ஓடற? நில்லு. கேட்டுக்கோ."

ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தியது. உதடு கூடவே முணுமுணுத்தது.

"ம... ரு... ம... க... த... ங்... க... ம்."

போன் திறந்துகொண்டது.

நேத்ரா போனையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். டெய்சிதான் கேட்டாள்: "மருமக தங்கமா? இதையாக்கா வெச்சிருக்க?"

"தெரிஞ்சவங்க யாருக்கும் தோணக் கூடாதுன்னு இவதானே சொன்னா," என்றாள் தாயம்மா, போனிலிருந்து தலையைத் தூக்காமல். "அதுக்குத்தான் தெருவெல்லாம் மாத்திச் சொல்லிக்கினு கீறேன்."