அக்காவின் செல்கள்

அக்கா உயிரோடு இருந்தபோது கொடுத்த ரத்தத்திலிருந்து, முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தங்கை இதய செல்களை வளர்த்திருந்தாள். கண்ணாடித் தட்டில் அவை தாமாகத் துடித்தன. கணினி அந்தத் துடிப்பைக் கோடாக வரைந்தது. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டதாக அத்தான் சொன்னார். செல்கள் துடித்துக்கொண்டே இருந்தன.

ஒரு மதியம் அத்தான் ஆய்வகத்துக்கே வந்தார். அக்கா போனதிலிருந்து அவர் மகள் சித்தியான இவளிடம்தான் இருந்தாள்.

அவர் உள்ளே வந்ததும் திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளியது. தங்கை தட்டின் வெப்பநிலையைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. போன் பேச அவர் வெளியே போனதும் கோடு அடங்கியது. திரும்பி வந்தார். மறுபடியும் துள்ளியது. அவள் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து அப்படியே கூட்டிட்டுப் போயிடறேன்,” என்றார்.

“வேண்டாம் அத்தான். என்கூடவே இருக்கட்டும்.”

“தீசிஸ் எழுதவே உனக்கு நேரம் இல்ல. இதுல புள்ள வேற வளர்க்கப் போறியா?”

“வளர்த்துக்கிறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே தட்டின் மேல் குனிந்தார். “இது யாரோடது?”

“எலியோடது.”

கோடு சட்டென்று படுத்துவிட்டது. ஒரு செல்கூடத் துடிக்கவில்லை.

“செத்துப்போச்சு போல,” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அவருடைய காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் முழுவதும் அடங்கும்வரை கோடு அசையவில்லை. பிறகு, மெதுவாக ஒரு துடிப்பு வந்தது.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள்.

“நான் வர்ற வரைக்கும் பாப்பாவ யார்கூடயும் அனுப்பாதீங்க. அவ அப்பா வந்து கேட்டாலும்.”