இறங்கும் படி

பார்சலை ஒரு வீட்டு வாசல்ல வைச்சு, ஃபோனில ‘குடுத்தாச்சு’ பட்டனை அமத்திப்போட்டு இறங்கேக்க, என்ர மனுசன் படியில கிடந்த ஐஸில சறுக்கி இடுப்பை முறிச்சார். அவர் ஊன்றுகோலோட நடக்கத் தொடங்கின உடன, நட்டஈடு கேட்டு ரெண்டுபேருமா அவர் வேலை செய்த டெலிவரிக் கம்பெனிக்குப் போனம். மனேச்சரும் எங்கட தமிழ்ப் பெடியன்தான்.

“அக்கா, பட்டனை அமத்தின உடன டெலிவரி முடிஞ்சுது. விழேக்க அண்ணை எங்கட வேலையில இல்லை.”

“ஏறேக்க உங்கட ஆள். இறங்கேக்க ஆரின்ர ஆள்?” எண்டு கேட்டன்.

அவன் ஃபைலை மூடினான். கதவைத் திறந்துவிட்டு, “படியெல்லாம் ஐஸ், பாத்து இறங்குங்கோ” எண்டான், நல்ல பிள்ளை மாதிரி.

நான் இறங்கி வந்திட்டன். என்ர மனுசன் வரேல்லை. திறந்த கதவுக்கு நடுவில ஊன்றுகோலை ஊண்டிக்கொண்டு நிக்கிறார். பனிக்காத்து ஒஃபிஸுக்குள்ள அடிக்குது.

“இறங்கிறது என்ர வேலையில்லையாமே, தம்பி. நான் இறங்க மாட்டன்.”