கடைசிப் பொத்தான்

"வெனிங்!" என்று மறுபடியும் கூப்பிட்டது கணினி.

சோயாவில் செய்த தெம்பேயை வறுத்துக்கொண்டிருந்த வெனிங் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

படுக்கையில் சாய்ந்திருந்த கணவன் பிரசோஜோ காலி டம்ளரைக் காட்டினான். கழுத்தில் கட்டு. தொண்டையில் இருந்த கட்டியோடு குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

மடியில் தொடுதிரை. தண்ணீர், வலி, பசி, மின்விசிறி என்று பெரிய பெரிய பொத்தான்கள். எதைத் தொடுகிறானோ அந்தச் சொல்லைக் கணினி உரக்கச் சொல்ல வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அவளே எழுதிய நிரல்.

எழுதிக் காட்டலாம்தான். எழுத்து சமையலறைக்குக் கேட்காதே.

"தண்ணிதானே அமுக்கினீங்க?"

தலையாட்டினான். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுகிற குடும்பம் அது.

அவளே தொட்டுப் பார்த்தாள். 'தண்ணீர்' என்றது. 'வலி' என்றது. அவள் எதிரில் அவன் தொட்டாலும் சரியாகவே சொன்னது. அவள் முதுகைத் திருப்பினால் மட்டும் வெனிங், வெனிங், வெனிங்.

காலையிலிருந்து இதே கதை. எரிச்சலில் அவளுக்குக் கண்ணே கரித்தது.

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாத்தனார் தியாஸ் சிரித்தாள். "என்னடி, உன் பெட்டிக்கு உன் பேரைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா? நாளைக்கு நீ ஆபீஸ் போயிடுவே. இவனுக்கு நெஞ்சு வலிச்சாலும் அது வெனிங்னுதான் கத்தும். நான் பேயைக் கூப்பிடுதுன்னு நெனச்சு ஓடணும்!"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். வெனிங் உடனே நிரலைத் திறந்தாள்.

இப்படிச் செய்யவைக்கிற ஒரு தவறு அவளுக்குத் தெரியும். பொத்தான்களை வரிசையாக உருவாக்கும்போதே ஒவ்வொன்றும் தன் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால், பிறகு எதைத் தொட்டாலும் எல்லாம் கடைசிச் சொல்லையே சொல்லும். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களை இதற்காக அவள் திட்டாத நாளில்லை.

இங்கே கடைசிப் பொத்தானில் இருப்பது அவள் பெயர்.

ஆனால் நிரலில் அந்தத் தவறு இல்லை. அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். மறுபடியும் வெனிங். திரையை மாற்றினாள். வெனிங்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். தொட்ட பொத்தான் மஞ்சளாக மாறி, அப்படியே நிற்கும். எது கெட்டுப்போகிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

திரையை அவன் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"வெனிங்!"

வந்து பார்த்தாள். டம்ளரைக் காட்டினான். டம்ளரில் தண்ணீர் இருந்தது.

திரையில் 'தண்ணீர்' மஞ்சளாகவில்லை. 'வலி' ஆகவில்லை. கடைசிப் பொத்தான் மட்டும், தனியாக, மஞ்சளாக நின்றது.

அவள் அதையே பார்ப்பதை அவன் பார்த்தான். காது மடல் வரை சிவந்துபோனான். அவசரமாக உள்ளங்கையால் அதை மூடினான்.

தொடுதிரை அல்லவா? "வெனிங்!" என்றது.

"இன்னும் சரியாகலையா?" கூடத்திலிருந்து தியாஸ்.

"சரியாத்தான் இருக்குக்கா. நாளைக்குப் பயமில்ல."

படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் தெம்பே கருகுகிற வாசனை வந்தது. அவள் எழவில்லை.

மகள் பிறந்த நாளிலிருந்து, ஊர்க் கணவர்கள் எல்லோரையும் போல, அவனும் அவளை 'இபு', அம்மா, என்றே கூப்பிட்டு வந்தான். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், தண்ணீர், வலி, பசி என்று அவள் கேட்ட சொற்களையெல்லாம் ஒலிவாங்கியில் தன் குரலில் பேசி முடித்தான். பொத்தான் வரிசையில் கடைசி இடம் மிஞ்சியிருந்தது.

அவள் கேட்காமல் அவன் சொன்ன ஒரே சொல் அது.